கையால் ஒரு தந்திக் கருவி செய்து, ஒலிபெருக்கியில் இணைப்பது எப்படி

தந்திக் கருவி செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மரம், என்ன பாலிஷ், தலைப்பகுதிக்கு என்ன வடிவம் என்றுதான். அவை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே சுவரில் இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பி மெல்லியது, அதனால் காற்றைத் தள்ள முடியாது. அதன் அசைவு, தந்தியைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற சிறு கட்டை வழியாக இறங்கி, அகலமான ஒரு மெல்லிய பலகையை ஆட்ட வேண்டும். அந்தப் பலகை காற்றைத் தள்ளும்போதுதான் நமக்கு ஒலி கிடைக்கிறது. தந்தி, குதிரை, முகப்பலகை என்ற இந்தப் பாதை எங்கும் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கைவேலையின் உயிர். ஒலிபெருக்கியில் இணைக்கும்போதும் நாம் அந்தப் பாதையில்தான் காதை வைக்கிறோம்.

1862-ல் ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ் ஒரு கிட்டாரின் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் செய்தார். முகப்பலகைக்கு மட்டும் நல்ல மரம் போட்டார். ஒலியின் பெரும்பங்கு முகப்பலகையிலிருந்தே வருகிறது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே பெட்டிக்கு விலையுயர்ந்த மரம் கிடைக்கவில்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

முதல் கருவிக்கு நான் பரிந்துரைப்பது மூன்று தந்தி போட்ட பெட்டிக் கருவி. ஒரே நீளக் கட்டை கழுத்தாகி, பெட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வரும். வளைத்து ஒட்ட வேண்டிய பக்கப்பலகை இல்லை, கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே சிக்கலான இணைப்பு இல்லை. ஆனால் பெரிய கருவிகளில் உள்ள எல்லாப் பாடமும் இதில் உண்டு.

முதலில் கணக்கு

மரத்தைத் தொடும் முன் ஒரு நீளத்தை முடிவு செய்யுங்கள். நட் என்று சொல்லப்படும் தலைப்பக்கத் தாங்கிக்கும் குதிரைக்கும் நடுவே தந்தி ஆடும் நீளம் அது. இங்கே 600 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு எளிது, கைக்கும் வசதி.

சுருதி அடிநாதம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். அதாவது ச, ப, மேல் ச. கிட்டார்க்காரர்கள் இதையே ஜி-டி-ஜி என்பார்கள். அதிர்வெண்கள் 98, 147, 196 ஹெர்ட்ஸ். இதற்குத் தனித் தந்தி தேட வேண்டாம். சாதாரண அகௌஸ்டிக் கிட்டார் எஃகுத் தந்தி செட்டில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் என்று விற்கும் செட்டில் இவை 0.042, 0.032, 0.024 அங்குலத் தடிமனில் இருக்கும். ஐந்தாவதை மட்டும் வழக்கத்தைவிட ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்ட வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்து 600 மி.மீ. நீளத்தில் இழுக்கும் விசை சுமார் 30 கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் தேவைப்படும். இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே தந்தி, அதே சுருதி, நீளம் மட்டும் 650 ஆனால் இழுவிசை சுமார் 17 சதவீதம் ஏறிவிடும். சுருதியைக் கூட்டினாலும் இதே கதைதான். ஒரு ஸ்தாயி ஏற்றினால் நான்கு மடங்கு. தந்தி அறுவதும் கழுத்து வளைவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான்.

பொருள்கள்

கழுத்துக்கு முடிச்சு இல்லாத, நேரான ரேகை ஓடும் கெட்டி மரம் வேண்டும். நீளம் 850, அகலம் 40, தடிமன் 22 மி.மீ. கட்டையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கோ வளைவோ தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். நன்றாக உலர்ந்த மரம் முக்கியம், பச்சை மரம் பிறகு திரும்பிக்கொள்ளும்.

பெட்டி சுமார் 250 நீளம், 200 அகலம், 60 ஆழம். பழைய மரப்பெட்டி கிடைத்தாலும் சரி, 6 மி.மீ. பிளைவுட்டில் நீங்களே ஒட்டினாலும் சரி. முகப்பலகை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்று. ஸ்ப்ரூஸ், சிடார் போன்ற மரங்களைக் கிட்டார் செய்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் எளிது: எடை குறைவு, ஆனால் ரேகை ஓடும் திசையில் விறைப்பு அதிகம். எடை குறைந்தால் தந்தி அதைச் சுலபமாக ஆட்டும், விறைப்பு இருந்தால் இழுவிசைக்குத் தாங்கும். 2.5 முதல் 3 மி.மீ. கனம் போதும். ரேகை தந்தியோடு ஒரே திசையில் ஓட வேண்டும். இந்த மரங்கள் கிடைக்காவிட்டால் நல்ல 3 மி.மீ. பிளைவுட் போதும். ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கழுத்தின் மேல் ஒட்டும் மெட்டுப் பலகைக்கு 5 மி.மீ. கன மரத்துண்டு, சுரம் பிடிக்கும் இடங்களில் அதன் குறுக்கே பதிக்கும் மெட்டுக் கம்பி, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகள் மூன்று, நட்டுக்கும் குதிரைக்கும் கெட்டியான மரமோ எலும்போ. கருவிகளில் மெல்லிய வாள், உளி, அரம், இழைப்புளி, மூலைமட்டம், மட்டக்கோல், ட்ரில், கிளாம்ப், பல தரத்தில் உப்புத்தாள். மரத்தூள் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் போடுங்கள். தந்தி ஏற்றும்போது கண்ணாடி அணியுங்கள். அறுந்த எஃகுத் தந்தி கண்ணுக்கு நேராகப் பாயும்.

கழுத்துக் கட்டை

கட்டையின் மேல்முகத்தில் எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து குறியுங்கள். வால் முனையிலிருந்து 20 மி.மீ. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அடுத்த 250 பெட்டிக்குள் போகும். பெட்டியின் வால் ஓரத்திலிருந்து 80 மி.மீ. உள்ளே குதிரை. அங்கிருந்து 600 அளந்தால் நட். மிச்சம் இருப்பது தலை. எல்லாக் கோட்டையும் மூலைமட்டம் வைத்துச் சதுரமாக இழுங்கள்.

இனி மிக முக்கியமான வெட்டு. கட்டையின் மேல்முகமும் பெட்டி மூடியின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே பெட்டிக்குள் போகும் பகுதியில் மூடியின் கனம் 3 மி.மீ., அதோடு இன்னும் 3 மி.மீ. இடைவெளி, ஆக 6 மி.மீ. ஆழம் கட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளிதான் முகப்பலகைக்குச் சுதந்திரம் கொடுக்கிறது. தந்திகளின் 30 கிலோ இழுவிசையைக் கட்டை தாங்கிக்கொள்ளும், பலகை தாங்க வேண்டியது குதிரை அழுத்தும் விசையை மட்டும். கட்டை பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலகை ஆடாது, கருவி ஊமையாகிவிடும். லேசாகத் தொட்டால் இன்னும் மோசம், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கிறுகிறுப்பு சேர்ந்து வரும். ஓரங்களில் அளவாக வாளால் வெட்டு போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

தலைப்பகுதியின் மேல்முகத்தை 8 மி.மீ. இறக்கி 14 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். இதில் இரண்டு பயன். பிரடையின் தண்டு போதிய அளவு மேலே வரும்; நட்டைத் தாண்டிய தந்தி கீழ்நோக்கி இறங்கி, நட் மேல் அழுத்தமாக உட்காரும். பிரடைத் துளையின் அளவை உங்கள் கையில் இருக்கும் பிரடையை அளந்து முடிவு செய்யுங்கள், ஊகத்தில் துளைக்காதீர்கள். முதலில் வீண் மரத்தில் துளைத்துப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

வால் நீட்டலில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள், 12 மி.மீ. இடைவெளியில். தந்தியின் உருண்டை முனை கீழே சிக்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் துளை இருக்கட்டும். மெதுமரம் என்றால் கீழே ஒரு உலோகத் தகடு வைத்துத் துளையுங்கள், இல்லாவிட்டால் உருண்டை மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும். கையில் பிடிக்கும் பகுதியின் பின்புறத்தை அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு உருட்ட வேண்டும் என்பதைக் கையே சொல்லும்.

பெட்டியும் முகப்பலகையும்

பெட்டியின் இரண்டு குறும்பக்கங்களிலும் கட்டை இறுக்கமாக உட்காரும்படி பள்ளம் வெட்டுங்கள். வாலின் பக்கம் வெட்டும் பள்ளமும் கழுத்தின் பக்கம் வெட்டும் பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு மி.மீ. தாழ்ந்தாலும் மறுமுனையில் அது பெருகித் தெரியும். மட்டக்கோலை மூடியின் மேலிருந்து கழுத்து முழுக்க வைத்துப் பாருங்கள், வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது.

ஒலித்துளையைப் பற்றி ஒரு சொல். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒரு சுருதி உண்டு. மேலே சொன்ன அளவுப் பெட்டியில் காற்றின் கொள்ளளவு சுமார் 3 லிட்டர். 40 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டால், கணக்குப்படி அது 180 ஹெர்ட்ஸ் அருகே ஒலிக்கும். உண்மையில் பலகைகளும் நெகிழ்வதால் இதைவிடச் சற்றுக் குறையும். துளை பெரிதானால் இந்தச் சுருதி ஏறும், சிறிதானால் இறங்கும். சிறியதாகத் தொடங்குங்கள், பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. நடுவில் கட்டை ஓடுவதால் துளையை மையக்கோட்டிலிருந்து 60 மி.மீ. தள்ளி, கழுத்துக்கு அருகில் போடுங்கள். இந்த 180 என்ற எண் ஒலிபெருக்கியில் இணைக்கும்போது மறுபடியும் வரும்.

பலகையின் உள்பக்கம், குதிரைக்கு நேர் கீழே, குறுக்காக ஒரு மெல்லிய சட்டம் ஒட்டலாம். 6 மி.மீ. சதுரம் போதும். அது கட்டைக்கு மேலே போகும் இடத்தில் 2 மி.மீ. கனத்துக்குச் சீவி விடுங்கள், இல்லாவிட்டால் நாம் விட்ட இடைவெளியை அதுவே அடைத்துவிடும். சிலர் பயத்தில் நாலைந்து சட்டம் ஒட்டுகிறார்கள். வேண்டாம். குதிரை பலகையை அழுத்தும் விசை நாம் நினைப்பதைவிடக் குறைவு. இந்த அளவுகளில் தந்தி குதிரையில் திரும்பும் கோணம் சுமார் 7 பாகை. 30 கிலோ இழுவிசைக்கு அழுத்தம் மூன்றரை கிலோவைச் சுற்றித்தான் வரும். 3 மி.மீ. பலகையும் ஒரு சட்டமும் அதைத் தாங்கும்.

மூடியை இப்போதே ஒட்டிவிடாதீர்கள். திருகாணியால் இறுக்கினால் பிறகு உள்ளே கைவைக்கலாம். முதல் கருவிக்கு அதுதான் நல்லது.

மெட்டுகள்

இந்த வேலை முழுவதிலும் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும்போது, ஒவ்வொரு மெட்டும் மிச்சமிருக்கும் நீளத்தை 17.817 ஆல் வகுத்து வரும் தூரத்தில் விழும். 1581-ல் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி இதற்கு 18 என்ற முழு எண்ணைச் சொன்னார். அவர் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தை வாசித்தவர். அவர் விதிப்படி நம் கருவியில் 12-வது மெட்டு 297.8 மி.மீ.-ல் விழும், நமக்கு வேண்டியதோ சரியாக 300. இரண்டு மி.மீ. சொச்ச வித்தியாசம். நம்மிடம் கால்குலேட்டர் இருக்கிறது, 17.817-ஐயே வைத்துக்கொள்வோம்.

600 மி.மீ. நீளத்துக்கு, நட்டிலிருந்து அளக்க வேண்டிய தூரங்கள் மி.மீ.-ல்:

1 — 33.7
2 — 65.5
3 — 95.5
4 — 123.8
5 — 150.5
6 — 175.7
7 — 199.5
8 — 222.0
9 — 243.2
10 — 263.3
11 — 282.2
12 — 300.0

அதற்கு மேல் வேண்டுமென்றால் இதே பட்டியலின் எண்ணைப் பாதியாக்கி 300-உடன் கூட்டுங்கள். 13-வது மெட்டு 300 + 16.8, அதாவது 316.8. எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே வந்து, மேல் ஸ்தாயியில் காதை உறுத்தும்.

மெட்டுப் பலகையைக் கழுத்தில் ஒட்டும் முன்பே வெட்டுகளைப் போடுங்கள், மேசைமேல் தட்டையாக வைத்து வெட்டுவது சுலபம். சாதாரண மெட்டுக் கம்பிக்கு வெட்டின் அகலம் சுமார் 0.6 மி.மீ. இருக்க வேண்டும். அதிகமானால் கம்பி பிடிக்காது. மூலைமட்டத்தை ஒட்டி வாளை ஓட்டி, கம்பியின் அடிப்பல்லைவிடச் சற்று ஆழமாக வெட்டுங்கள். கம்பியை ஒரு முனையில் தொடங்கி, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தலைச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். பிறகு ஒரு நீண்ட தட்டைக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, எல்லா மெட்டுகளின் தலையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை லேசாகத் தேயுங்கள். ஓரங்களை அரத்தால் உருட்டாமல் விட்டால் கை கிழியும்.

மெட்டு அடிக்கத் தயக்கமாக இருந்தால் வேறு வழிகள் உண்டு. வீணையில் மெட்டுகளை மெழுகுக் கலவையில் பதிக்கிறார்கள், சூடாக்கி நகர்த்திச் சுருதி சேர்க்கலாம். லூட் வாத்தியத்தில் நரம்பையே கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டு மெட்டாக்கினார்கள். நைலான் மீன்வலை நூலால் நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம், தப்பான இடத்தில் விழுந்தால் நகர்த்திக்கொள்ளலாம். கோட்டுவாத்தியம் போல மெட்டே இல்லாமல் விட்டு, கண்ணாடிக் குழாயைத் தந்திமேல் உருட்டி வாசிப்பதும் உண்டு. அதற்குக் கமகம் அழகாக வரும். ஆனால் தந்தியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

குதிரையும் தந்தியும்

குதிரை 80 மி.மீ. நீளம் இருக்கட்டும். அடியில் ஓடும் கட்டையின் அகலம் 40 என்பதால், குதிரையின் இரு பாதங்களும் கட்டையைத் தாண்டிப் பலகையின் ஆடும் பகுதியில் ஊன்றும். நடுவில் அடிப்பக்கம் லேசாக வளைவாகச் செதுக்கிவிட்டால் பாதம் தெளிவாகப் பிரியும். கனமான குதிரை ஒலியைத் தின்னும், அடி அகன்று மேலே ஒடுங்கும்படி சீவி எடையைக் குறையுங்கள்.

உயரக் கணக்கு இப்படி: மெட்டுப் பலகை 5, மெட்டின் தலை 1. முதல் மெட்டின் அருகே தந்தி அதற்கு மேல் அரை மி.மீ., 12-வது மெட்டில் இரண்டரை மி.மீ. இருக்க வேண்டும் என்றால், குதிரை இருக்கும் இடத்தில் நாலரை. ஆக மூடியிலிருந்து குதிரையின் உயரம் சுமார் 10.5 மி.மீ. முதலில் 12 வைத்துச் செய்து, பிறகு அடியில் தேய்த்துக் குறையுங்கள். நட்டில் தந்திப் பள்ளங்களை 11 மி.மீ. இடைவெளியில், பிரடையின் பக்கம் சரியும்படி அராவுங்கள். பள்ளம் மட்டமாக இருந்தால் தந்தி வெளியேறும் இடம் தெளிவில்லாமல் சிதார் போல இரையும்.

தந்தியை ஏற்றும்போது மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். குதிரையை ஒட்ட வேண்டாம், தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். 600-ல் வைத்து, 12-வது மெட்டுக்கு மேல் தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மேல் ஸ்தாயி நாதத்தையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் நாதத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியதன் சுருதி ஏறிக் கேட்டால் குதிரையை வால் பக்கம் நகர்த்துங்கள். அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு இறுகுவதால் பெரும்பாலும் இரண்டு மூன்று மி.மீ. பின்னால் போக வேண்டியிருக்கும், தடித்த தந்திக்கு இன்னும் கொஞ்சம். குதிரை அதனால் சாய்வாக நிற்கும், அதுதான் சரி. இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

இரைச்சல் வந்தால் பதறாமல் தேடுங்கள். ஒரே ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது. எங்கும் அழுத்தாமல் மீட்டும் வெறும் தந்தியில் மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. எல்லா இடத்திலும், மீட்டி முடித்த பிறகும் ஒரு கிறுகிறுப்பு தொடர்ந்தால் பெட்டிக்குள் எதுவோ தளர்ந்திருக்கிறது, அல்லது கட்டை பலகையைத் தொடுகிறது. விரல் முட்டியால் பலகையைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் இடம் அகப்படும்.

இந்தக் கட்டத்தில் சில நாள் மின்சாரமே இல்லாமல் வாசியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். மரமும் தந்தியும் இழுவிசைக்குப் பழகும், சுருதி நிலைக்கும். ஒலிபெருக்கி கருவியின் குறையைச் சரி செய்யாது, அதையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

காதை எங்கே வைப்பது

ஒலியை மின்சாரமாக்க மூன்று வழிகள். காந்தப் பிக்கப் எஃகுத் தந்தியின் அசைவை நேராகப் படிக்கும், நைலான் தந்திக்கு அது வேலை செய்யாது. அது பலகையை அதிகம் கேட்பதில்லை, ஆகவே நீங்கள் பாடுபட்டுச் செய்த பெட்டியின் குணம் அதில் குறைவாகவே வரும். மைக் எல்லாவற்றையும் கேட்கும். மேடையில் பக்கத்து வாத்தியத்தையும் சேர்த்துக் கேட்கும். மூன்றாவது பீசோ டிஸ்க். அழுத்தினால் மின்னூட்டம் தரும் பொருள்களின் இந்தப் பண்பை 1880-ல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். பித்தளைத் தகட்டில் வெள்ளை செராமிக் ஒட்டிய 27 மி.மீ. டிஸ்க் மலிவானது, கைவினைக் கருவிக்கு நன்றாகப் பொருந்தும்.

கம்பி பற்றவைக்காத டிஸ்க் என்றால் செராமிக்கில் சால்டரிங் அயர்ன் முனையை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். வெள்ளிப் பூச்சு கழன்றுவிடும். செராமிக்கிலிருந்து வரும் கம்பி, கேபிள் செருகும் ஜாக்கின் முனைக்கு, பித்தளையிலிருந்து வருவது ஜாக்கின் தரைப்பகுதிக்கு. உள்ளே ஓடும் வயர் கவசம் உள்ளதாக இருக்கட்டும். ஜாக்கைப் பெட்டியின் பக்கச் சுவரில் போட்டு, உள்ளே ஒரு பிளைவுட் துண்டு ஒட்டிப் பலப்படுத்துங்கள். கேபிளை யாராவது மிதித்தால் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

டிஸ்க்கை எங்கே ஒட்டுவது என்பதற்குச் சூத்திரம் இல்லை, காதுதான் அளவுகோல். முதலில் ஒட்டுமாவு போன்ற எடுத்துவிடக் கூடிய எதையாவது வைத்து ஒட்டிப் பாருங்கள். பலகையின் உள்பக்கம், குதிரையின் ஒரு பாதத்துக்குக் கீழே, கட்டைக்கு வெளியே, மையக்கோட்டிலிருந்து 35 மி.மீ. அளவில் தொடங்குங்கள். பாதத்துக்கு நேர் கீழே தந்தியின் தாக்கம் கூர்மையாகக் கேட்கும். சற்று விலகினால் மரத்தின் குணம் கூடும். ஒலித்துளையின் பக்கம் போகப் போகப் பலகை அதிகம் ஆடுவதால் கும்மென்ற முழக்கமும் கை உரசும் சத்தமும் ஏறும். பிடித்த இடம் கிடைத்ததும் மெல்லிய கெட்டிப் பசையால் நிரந்தரமாக ஒட்டுங்கள். தடித்த நுரை நாடா உச்ச அதிர்வெண்களை விழுங்கிவிடும். ஒலி மிகக் கூர்மையாகக் குத்தினால் டிஸ்க்கின் பின்புறத்தில் ஒரு மெல்லிய கார்க் துண்டு ஒட்டிப் பாருங்கள், சற்றுச் சாந்தமாகும்.

சத்தம் ஏன் தகரமாகக் கேட்கிறது

பீசோ போட்ட பலரும் முதலில் சொல்லும் புகார் இது: கீழ் ஸ்தாயியே வரவில்லை. டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

டிஸ்க் மின்சார ரீதியில் ஒரு சிறு கப்பாசிட்டர், 27 மி.மீ. அளவுக்குச் சுமார் 20 நானோஃபாரட். அதை ஒரு ஆம்பிளிஃபயரின் உள்ளீட்டில் செருகும்போது, அந்த உள்ளீட்டின் மின்தடையோடு சேர்ந்து அது கீழ் அதிர்வெண்களை வடிகட்டிவிடுகிறது. உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயும். 50 கிலோ ஓம் என்றால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே. நம் அடிநாதம் 98 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். எல்எம்386 சிப்பில் செய்யும் சிறு பேட்டரி ஆம்பிளிஃபயர்களின் உள்ளீடு சரியாக இந்த 50 கிலோ ஓம்தான், அவற்றில் நேராகச் செருகினால் மெலிந்து கேட்பது அதனால்தான். கிட்டார் ஆம்பிளிஃபயரின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம். அங்கே வரம்பு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், எல்லாம் வரும். கிட்டார் ஆம்பிளிஃபயர் இருந்தால் நேராகச் செருகுங்கள், வேறு எதுவும் வேண்டாம். குதிரைக்கடியில் வைக்கும் மெல்லிய பட்டை வகைப் பீசோவுக்குக் கொள்ளளவு மிகக் குறைவு என்பதால் அதற்கு 10 மெகா ஓம் கேட்பார்கள்.

மிக்சரிலோ சிறு ஆம்பிளிஃபயரிலோ செருக வேண்டும் என்றால் நடுவில் ஒரு பஃபர் சுற்று தேவை. டிஎல்071 சிப் ஒன்றும் 9 வோல்ட் பேட்டரியும் போதும். சிப்பின் 7-வது காலுக்கு பேட்டரியின் பிளஸ், 4-வது காலுக்கு மைனஸ். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து மைனஸுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். அதே நடுப்புள்ளியிலிருந்து 3-வது காலுக்கு ஒரு 10 மெகா ஓம். டிஸ்க்கின் செராமிக் கம்பி 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் தாண்டி 3-வது காலுக்கு வர வேண்டும். பித்தளைக் கம்பி மைனஸுக்கு. 2-வது காலையும் 6-வது காலையும் நேராக இணைத்துவிடுங்கள். 6-வது காலிலிருந்து ஒரு 10 மைக்ரோஃபாரட் வழியாக ஜாக்கின் முனைக்கு, கப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் சிப்பை நோக்கி. ஜாக் முனையிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 கிலோ ஓம். இந்தச் சுற்று சத்தத்தைக் கூட்டாது, டிஸ்க்கின் மெல்லிய குரலை எந்த உள்ளீடும் தாங்கும்படி மாற்றித் தரும்.

ஜாக்கை ஸ்டீரியோ வகையாக வாங்கி, பேட்டரியின் மைனஸை மட்டும் அதன் நடு வளையத்தில் இணையுங்கள். சுற்றின் மைனஸ் ஜாக்கின் தரைப்பகுதிக்கு. மோனோ கேபிளைச் செருகினால்தான் இரண்டும் சேரும், அதுவே ஸ்விட்ச். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள். பலமாக மீட்டும்போது ஒலி உடைந்தால் டிஸ்க்குக்குக் குறுக்கே ஒரு 22 நானோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்கள், அளவு பாதியாகும், கீழ் ஸ்தாயிக்கு ஒன்றும் ஆகாது.

கரகரவென்று மின்சார உறுமல் வந்தால் கவசம் போதவில்லை. டிஸ்க்கின் மேல் ஒரு காப்பு நாடா ஒட்டி, அதன் மேல் செம்பு நாடாவைச் சுற்றி, செம்பைத் தரையோடு இணையுங்கள். செம்பு செராமிக்கைத் தொடக் கூடாது. ஒன்று மட்டும் கண்டிப்பு: சுவர் மின்சாரத்தில் ஓடும் ஆம்பிளிஃபயரைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். நம் வேலை 9 வோல்ட்டோடு நிற்கட்டும்.

ஊளை

சத்தத்தைக் கூட்டியதும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி பலகையை ஆட்டும், பலகை டிஸ்க்கை ஆட்டும், டிஸ்க் மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். இந்தச் சுழல்தான் ஊளை. அது பெரும்பாலும் பெட்டி தானாகவே ஒலிக்க விரும்பும் அதிர்வெண்ணில் வரும். நம் பெட்டிக்கு அது 180 ஹெர்ட்ஸைச் சுற்றி. ஒலித்துளையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துப் பாருங்கள், பல சமயம் அதோடு தீர்ந்துவிடும். ஒலிபெருக்கி உங்கள் முதுகுக்கும் கருவிக்கும் நேராக இல்லாமல் முன்னால், பக்கவாட்டில் இருக்கட்டும். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், நம் அடிநாதம் அதற்கு மேலே இருப்பதால் இசைக்கு இழப்பில்லை. ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் குறுகலாகக் குறையுங்கள். அகலமாகக் குறைத்தால் கருவியின் வயிறு காணாமல் போகும். சிக்னலின் பிளஸ், மைனஸைத் திருப்பிப் போடும் துருவ ஸ்விட்ச் இருந்தால் இரு நிலையிலும் போட்டுப் பார்த்து, எதில் ஊளை தாமதமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக்கு டிஸ்க்கோடு ஒரு மைக்கையும் சேர்ப்பது என் விருப்பம். கழுத்து பெட்டியில் நுழையும் இடத்துக்கு நேராக, 25 செ.மீ. தள்ளி வையுங்கள். துளைக்கு நேராக வைத்தால் காற்றின் முழக்கமே நிறைந்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கும்போது ஒலி மெலிந்தால், ஒரு தடத்தின் துருவத்தைத் திருப்பிப் போட்டு, அடிநாதம் எந்த நிலையில் முழுதாக நிற்கிறதோ அந்த நிலையில் பதிவு செய்யுங்கள்.